இணையத் தலைப்பு: பாதியில் வெட்டினாலும் பொருள் மாறாத வரி

ஃபோன் திரையில் ஒரு நோட்டிஃபிகேஷன் வருகிறது: "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட…" அதோடு வரி முடிந்துவிட்டது. புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்திருப்பது "கூடாது" என்ற சொல். அதைத் தொட்டு உள்ளே போனவருக்குத்தான் அது தெரியும். போகாதவர் மனதில் தங்குவது நேர் எதிரான செய்தி.

எழுதியவர்மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. இலக்கணம் சரி, தகவலும் சரி. தான் எழுதும் வரி கடைசியில் எங்கே போய் உட்காரும் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. வெப்சைட்டுகளுக்குத் தலைப்பு, பட்டன், அறிவிப்பு என்று சின்னச் சின்ன வரிகள் எழுதுவதே என் வேலை. இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இணையத்தில் தலைப்பு தன் கட்டுரையோடு சேர்ந்து இருப்பதில்லை. அது தனியாகப் பயணம் போகிறது.

அச்சில் தலைப்புக்குக் கீழேயே செய்தி இருக்கும். பக்கத்தில் படம் இருக்கும், படத்துக்கு ஒரு வரி விளக்கம் இருக்கும். தலைப்பு கொஞ்சம் புதிராக இருந்தாலும் கண் இரண்டு அங்குலம் கீழே இறங்கினால் விடை கிடைத்துவிடும். வெப்சைட்டில் அதே தலைப்பு கூகுள் தேடலில் பத்து வரிகளுக்கு நடுவே ஒன்றாக நிற்கும். பிரவுசர் டேபில் முதல் ஒன்றிரண்டு சொல்லோடு நிற்கும். வாட்ஸ்அப்பில் யாரோ பகிர்ந்த லிங்க்கின் அட்டையில் நிற்கும். வேறொரு கட்டுரையின் அடியில் "இதையும் படியுங்கள்" பெட்டிக்குள் நிற்கும். பார்வையற்ற ஒருவருக்கு ஸ்க்ரீன் ரீடர் அதைப் பட்டியலில் ஒரு வரியாக வாசித்துக் காட்டும். இந்த இடங்கள் எதிலும் முழுக்கட்டுரை அதற்குத் துணைக்கு வராது. ஒவ்வொரு இடமும் தன் வசதிக்கு ஏற்றபடி வாலை நறுக்கிக்கொள்ளவும் செய்யும்.

ஆட்கள் இணையத்தில் எப்படி வாசிக்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேக்கப் நீல்சன். 1997-ல் அவர் வெளியிட்ட முடிவுப்படி, சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கம் எதையும் மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 சதவீதம்தான். 2006-ல் அவருடைய குழு 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. பார்வை முதலில் மேலே ஒரு வரியில் குறுக்கே போகிறது, கொஞ்சம் இறங்கி இன்னொரு பாதி வரி போகிறது, அப்புறம் இடது ஓரமாகவே கீழே இறங்குகிறது. ஆங்கில எழுத்து 'எஃப்' வரைந்த மாதிரி. வலது பக்கம் போகப் போகப் பார்வை விழுவது குறைகிறது. 2008-ல் இன்னொரு கணக்கு வந்தது. சராசரியாக ஒருவர் ஒரு பக்கத்தில் செலவிடும் நேரத்தில், அங்கே இருக்கும் சொற்களில் அதிகபட்சம் 28 சதவீதத்தைத்தான் வாசிக்க முடியும். 20 சதவீதம் என்பதே உண்மைக்குப் பக்கமான எண் என்று அவர் சொன்னார்.

இந்த எண்களைக் கேட்டதும் "இப்போதெல்லாம் யார் வாசிக்கிறார்கள்" என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இணையத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் எதையோ தேடி வருகிறார். கண்ணில் படும் இருபது வரிகளில் பத்தொன்பதைத் தள்ளினால்தான் அவருக்கு வேண்டிய ஒன்று கிடைக்கும். மேய்வது அவருடைய தேடும் முறை. வேண்டியது கிடைத்ததும் அதே ஆள் நின்று நிதானமாக வாசிக்கிறார். அவர் தேடியது இதுதானா, இல்லையா என்று சொல்வதுதான் தலைப்பின் வேலை. "நீங்கள் தேடியது இங்கே இல்லை" என்று அவரைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதும் அதில் சேர்த்தி.

சின்ன இடத்தில் முழுச் செய்தி சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் பிபிசியைக் காட்டுவேன். 1974-ல் பிபிசி 'சீஃபாக்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. டிவி திரையிலேயே எழுத்தாகச் செய்தி வாசிக்கலாம். ஒரு வரிக்கு 40 எழுத்து, ஒரு பக்கத்துக்கு 24 வரி, அவ்வளவுதான் இடம். பின்னால் வெப்சைட் வந்தபோதும் அதே செய்திகள் இரண்டு இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. அதனால் வெப்சைட் தலைப்பையும் முப்பது சொச்சம் எழுத்துக்குள் அடக்கும் கட்டாயம் தொடர்ந்தது. 2009-ல் நீல்சன் அந்தத் தலைப்புகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். சராசரி 5 சொல், 34 எழுத்து. இணையத்திலேயே சிறந்த தலைப்புகள் இவைதான் என்று எழுதினார். பழைய டிவி திரையின் இட நெருக்கடி அந்த ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியாகவே ஆகிவிட்டது. சீஃபாக்ஸ் 2012-ல் நின்றுபோனது. ஃபோன் வந்து இடத்தை மறுபடி சுருக்கிவிட்டது.

சரி, இந்தப் பாடங்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியுமா? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தலைப்பு எழுதும் கலை பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. "முக்கியமானதை முதலில் போடு" என்பது அதில் முதல் பாடம். ஆங்கிலத்தில் எழுவாய் முடிந்ததும் வினை வந்துவிடும். யார், என்ன செய்தார் என்பது மூன்று சொல்லில் தெரிந்துவிடும். வால் அறுந்தாலும் உயிர் போகாது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. வினையின் ஒட்டிலோ அதற்குப் பின்னாலோதான் "இல்லை", "கூடாது", "மாட்டாது", "வேண்டாம்" எல்லாம் வரும். நடந்ததா, நடக்கவில்லையா என்பதையே நம் வாக்கியம் வாலில் வைத்திருக்கிறது. கத்தி விழுவதும் அங்கேதான்.

"கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் வெட்டினால் "கட்டணம் திருப்பித் தரப்பட…" என்று நின்று, பணம் திரும்பக் கிடைக்கும் போலிருக்கிறதே என்ற எண்ணத்தைக் கொடுக்கும். "திரும்பக் கிடைக்காத கட்டணம்: ரத்து செய்யும் முன் படியுங்கள்" என்று மாற்றினால் மறுப்பு இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் எங்கே வெட்டினாலும் பொருள் புரளாது. மாத்திரை வரியையும் இப்படித் திருப்பலாம்: "சாப்பிட்ட பிறகே போட வேண்டிய மாத்திரை இது." இதில் "கூடாது" என்ற சொல்லே தேவைப்படவில்லை. செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்வது பல இடங்களில் தமிழுக்கு வசதியாக இருக்கிறது. நான் பார்க்கும் வேலையில் இது ஒரு கட்டாயச் சோதனை. எதிர்மறை வரும் தலைப்பு எதுவாக இருந்தாலும், கடைசிச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை வாசித்துப் பார்ப்பேன்.

அடுத்த சிக்கல் நம்முடைய அடுக்குப் பெயரெச்சம். ஒரு சேவையில் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், ஜூன் 30 கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்புக்கு வந்த முதல் தலைப்பு இப்படி இருக்கும்:

"பயனர்களின் கணக்குகளுக்கான பாதுகாப்பை மேலும் மேம்படுத்தும் நோக்கில் எடுக்கப்பட்டுள்ள முக்கிய நடவடிக்கை குறித்த அறிவிப்பு."

பதினொரு சொல். வாசகர் செய்ய வேண்டிய வேலை அதில் எங்குமே இல்லை. ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைத் தாங்கிக்கொண்டு போய், கடைசியில் "அறிவிப்பு" என்று இறக்கிவைக்கிறது. அது அறிவிப்பு என்பது பார்த்தாலே தெரியும். அதனால் வாலிலிருந்து தொடங்கி வெட்டலாம். "குறித்த அறிவிப்பு" போகட்டும். "நோக்கில் எடுக்கப்பட்டுள்ள முக்கிய நடவடிக்கை" போகட்டும். பாதுகாப்பை மேம்படுத்துவது நிறுவனத்தின் காரணம். அது கட்டுரையின் இரண்டாவது பத்தியில் இருந்தால் போதும். இப்போது பார்த்தால் தலைப்பில் மிச்சம் எதுவும் இல்லை. செய்தியே இல்லாமல் பதினொரு சொல் எழுத முடிந்திருக்கிறது!

அடுத்த முயற்சி: "ஜூன் 30-க்குள் பாஸ்வேர்டை மாற்றுங்கள்." இது நல்ல வரி. வேலை தெரிகிறது, நாள் தெரிகிறது. ஆனால் முதலில் கண்ணில் படுவது தேதி. எதற்கான தேதி என்று தெரியாமல் ஒரு தேதிக்கு மதிப்பில்லை. பட்டியலை மேயும் ஒருவர் "ஜூன் 30" என்பதைப் பார்த்து அதைத் தாண்டிப் போய்விடலாம்.

மூன்றாவது: "பாஸ்வேர்டை மாற்ற ஜூன் 30 கடைசி நாள்." முதல் சொல்லிலேயே விஷயம், இரண்டாவதில் வேலை, அப்புறம் தேதி. "பாஸ்வேர்டை மாற்ற ஜூன் 30…" என்று வெட்டினாலும் புரியும். "பாஸ்வேர்டை மாற்ற…" என்று இன்னும் குறுக்கினாலும், தன்னைப் பற்றிய விஷயம் என்பதாவது தெரியும். ஆங்கிலத்தில் சொல்லும் "முக்கியமானதை முதலில்" என்பதைத் தமிழில் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வினையை முன்னால் இழுக்க நம் மொழி விடாது. வாசகர் தேடி வந்த பெயர்ச்சொல்லை முன்னால் நிறுத்தலாம். வாக்கியம் எங்கே நின்றாலும் தாங்கும்படி மிச்சத்தை அதன் பின்னால் அடுக்கலாம்.

இந்த வரியை வைத்தே எழுத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். கண்ணால் எண்ணினால், இடைவெளியும் சேர்த்து 22. கம்ப்யூட்டர் எண்ணினால் 35. ஏனென்றால் யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, மென்பொருளுக்கு ஐந்து. 60 எழுத்து அனுமதிக்கும் பெட்டியில் தமிழுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட நாற்பது எழுத்துதான் என்று மனதில் போட்டுக்கொள்வது நல்லது. எஸ்எம்எஸ்ஸில் இன்னும் நெருக்கடி. ஆங்கிலத்துக்கு ஒரு செய்தியில் 160 இடம் என்றால், யூனிகோடில் போகும் தமிழுக்கு 70 குறியீடுதான். ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலே மொத்தச் செய்தியும் அந்த 70 கணக்குக்கு மாறிவிடும்.

கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை. திரையின் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. நம் எழுத்துகளில் ணை, ஔ, ஞூ மாதிரி அகலமானவை நிறைய இருப்பதால், இதிலும் நமக்கு இடம் கொஞ்சம் குறைவு. வெட்டுவதோடு நிற்பதும் இல்லை. பக்கத்துக்கு நாம் கொடுத்த தலைப்பு பொருத்தமாக இல்லையென்று பட்டால், கூகுள் பக்கத்துக்குள்ளிருந்து வேறொரு வரியை எடுத்துப் போட்டுக்கொள்ளும். 2021 ஆகஸ்டில் இந்த முறையை மாற்றியபோது பலர் தங்கள் தலைப்பைக் காணோம் என்று குரல் எழுப்பினார்கள். அடுத்த மாதம் கூகுள் கொடுத்த விளக்கத்தில், 87 சதவீத நேரம் எழுதியவர் கொடுத்த தலைப்பையே பயன்படுத்துவதாகச் சொன்னது. மாற்றப்படுபவை பெரும்பாலும் அளவுக்கு மீறி நீண்டவை, காலியாக இருப்பவை, "முகப்பு" என்று மட்டும் இருப்பவை, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வரியை ஒட்டியவை. அதாவது தனியாக நின்றால் பொருள் தராதவை.

இடம் குறைவு என்பது தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் புதிதில்லை. "உயர்த்தப்பட்டுள்ளது" என்பதை "உயர்வு" என்றும், "ரத்து செய்யப்பட்டுள்ளது" என்பதை "ரத்து" என்றும் அவை என்றைக்கோ சுருக்கிவிட்டன. தொழிற்பெயரில் முடியும் அந்த நடை அருமையான கண்டுபிடிப்பு, இணையத்திலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: இடம் மிச்சம் பிடிக்க வேற்றுமை உருபைத் தின்றுவிடக் கூடாது. "நாய் தேடும் சிறுவன்" என்றால் யார் யாரைத் தேடுவது? நாயைச் சிறுவன் தேடலாம், சிறுவனை நாய் தேடலாம். "நாயைத் தேடும் சிறுவன்" என்று எழுத ஒரே ஒரு எழுத்துதான் அதிகம். தாளில் பக்கத்தில் இருக்கும் படம் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தேடல் முடிவில் படம் இருக்கும் என்று நம்ப முடியாது.

இனி எனக்கு மனதில் கோபம் வரும் பகுதி. "இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா?", "அவர் எடுத்த அதிர்ச்சி முடிவு!", "கடைசியில் நடந்த ட்விஸ்ட்". இவற்றுக்குப் பின்னால் ஒரு உண்மையான உளவியல் இருக்கிறது. பொருளாதார, உளவியல் ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ல் அதை விளக்கினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருப்பது தெரியவந்தால், அது அரிப்பு மாதிரி தொந்தரவு செய்கிறது, அதை அடைக்கத் தேடுகிறோம் என்பது அவர் கருத்து. 2012-ல் தொடங்கிய அப்வொர்தி என்ற தளம் இதை ஒரு தொழிற்சாலையாகவே நடத்தியது. ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்பு எழுதி, அவற்றில் சிலவற்றை வாசகர்களிடம் ஓடவிட்டு, அதிக க்ளிக் வாங்கியதை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சோதனைகளின் தரவு பின்னர் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 32,000-க்கும் அதிகமான சோதனைகள். அதை வைத்து 2023-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, தலைப்பில் கெட்டதைச் சொல்லும் ஒரு சொல் கூடினால் க்ளிக் விகிதம் 2.3 சதவீதம் கூடியதாகக் காட்டியது. நல்லதைச் சொல்லும் சொற்கள் க்ளிக்கைக் குறைத்தன.

ஆக, பயமுறுத்தினால் க்ளிக் வருகிறது. இதை மறுத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் க்ளிக் செய்தவர் என்ன நினைத்தார் என்பது அந்த எண்ணில் இல்லை. 2014-ல் ஃபேஸ்புக் தன் பயனர்களிடம் கேட்டபோது, க்ளிக் செய்வதற்கு முன்பே முழுக்கட்டுரை தனக்குத் தேவையா என்று முடிவு செய்ய உதவும் தலைப்பையே 80 சதவீத நேரம் அவர்கள் விரும்பினார்கள். அதன்பிறகு விஷயத்தை ஒளித்துவைக்கும் தலைப்புகள் காட்டப்படுவதை அந்த நிறுவனம் குறைத்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது க்ளிக் செய்யாதவர்களின் கதை. 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி லிங்க்குகளைப் பார்த்தன. 59 சதவீத லிங்க்குகளை யாருமே க்ளிக் செய்யவில்லை. அவை பகிரப்பட்டன, பேசப்பட்டன, திறக்கப்படவில்லை. அந்தச் செய்தியைப் பற்றிப் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் தலைப்பு மட்டுமே. திறந்து வாசித்தவர்களுக்கும் முழுத் தப்பிப்பு இல்லை. உளவியல் ஆய்வாளர் உல்ரிச் எக்கரும் அவருடைய குழுவும் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், தலைப்பு லேசாகத் திசைதிருப்பினால், முழுக்கட்டுரையை வாசித்த பிறகும் அதன் சாயல் வாசகர்களின் நினைவிலும் முடிவிலும் தங்கியிருந்தது. "உள்ளே சரியாகத்தான் எழுதியிருக்கிறோம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. தலைப்பு அதன் அளவிலேயே உண்மையாக இருக்க வேண்டும்.

அதற்காக ஆவலைத் தூண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்!" என்பதும் "தூக்கம் வரவில்லையா? மாலையில் குடிக்கும் காபியைக் கவனியுங்கள்" என்பதும் ஒரே கட்டுரைக்கானவை. இரண்டாவது விடையின் பாதியைக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் எத்தனை மணிக்கு மேல் கூடாது, எவ்வளவு வரை பரவாயில்லை என்று தெரிந்துகொள்ள உள்ளே போகத் தோன்றுகிறது. போகாதவருக்கும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது.

புகழ்ச்சிச் சொற்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நீல்சன் 1997-ல் ஒரே சுற்றுலாப் பக்கத்தை ஐந்து விதமாக எழுதிச் சோதித்தார். விளம்பர நடையை எடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னதற்கே பக்கத்தைப் பயன்படுத்தும் எளிமை 27 சதவீதம் கூடியது. பாதியாகச் சுருக்கியதில் 58 சதவீதம். சுருக்கி, மேய வசதியாகப் பிரித்து, புகழ்ச்சியையும் நீக்கியபோது 124 சதவீதம். "உலகத்தரம் வாய்ந்த", "ஒப்பற்ற", "அதிநவீன" என்ற சொற்களைப் பார்த்ததும் வாசகர் அதை நம்பலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார். அந்த நேரத்தில் அவர் வாசிக்கவில்லை.

தலைப்பைவிடச் சின்னது பட்டன். தெரிந்த பெரியவர் ஒருவர் ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பியவர், கடைசியில் "சமர்ப்பி" என்ற பட்டனுக்கு முன்னால் கையை எடுத்துவிட்டார். "இத அழுத்துனா பணம் பிடிச்சிருவாங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் பணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். "விண்ணப்பத்தை அனுப்பு" என்று பட்டனிலும், "இப்போது பணம் எடுக்கப்படாது" என்று அதன் கீழேயும் இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்காது. "சமர்ப்பி" என்று நாம் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலப் பட்டனுக்கு அகராதியைப் பார்த்து ஒட்டிய சொல் அது.

பட்டனில் இரண்டு சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம் சொல்லலாம். கூகுளின் ஹோட்டல் தேடலில் "அறையைப் பதிவு செய்" என்ற பொருளில் இருந்த பட்டனை "அறை இருக்கிறதா என்று பார்" என்ற பொருளில் மாற்றினார்கள். பயன்படுத்துவது 17 சதவீதம் கூடியதாக 2017-ல் அந்த நிறுவனமே சொன்னது. இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பதிவு செய்யச் சொல்வது அவசரப்படுத்துவது போல. அவர் அப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதோடு பட்டன் பொருந்த வேண்டும். இன்னொன்று, வெப்சைட் பயன்பாட்டை ஆராயும் ஜேரட் ஸ்பூல் எழுதிய பிரபலமான சம்பவம். ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் பணம் கட்டும் முன் "பதிவு செய்" என்ற பட்டன் வழியை மறித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு "தொடர்க" என்று வைத்து, வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்று ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். வாங்கி முடிப்பவர்கள் 45 சதவீதம் கூடினார்கள்.

தமிழ்ப் பட்டனில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார்கள்? "சேமி" என்ற ஏவல் யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அது நாம் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அதே கணக்கில் வைத்த "வெளியேறு" மட்டும் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. வெளியேறப்போவது இயந்திரம் இல்லை, நாம்தான். அதனால் தளம் நம்மை விரட்டுவதாகத் தோன்றுகிறது. "வெளியேற" என்று ஒரு எழுத்து மாற்றினால் இந்த உறுத்தல் போய்விடும். பட்டன்களுக்கு "சேமிக்க", "அனுப்ப", "வெளியேற" என்று ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு, தளம் வாசகரிடம் பேசும் இடத்தில் மட்டும் "எழுதுங்கள்", "பாருங்கள்" என்று போவது எனக்குப் பிடித்த வழி. "செய்யவும்" என்பது பலகையில் எழுதிய அறிவிப்பு மாதிரி விறைப்பாக இருக்கிறது.

லிங்க்குக்கு ஒரே விதி போதும். "இங்கே க்ளிக் செய்யவும்" வேண்டாம். ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர்கள் ஒரு பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்க முடியும். அப்போது "இங்கே, இங்கே, இங்கே" என்று பத்து தடவை கேட்டால் எதைத் திறப்பது? இணைய அணுகல் வழிகாட்டி நெறிகளிலேயே லிங்க்கின் நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. "விண்ணப்பப் படிவம்" என்ற சொல்லிலேயே லிங்க்கை வைத்துவிடலாம்.

பிழைச் செய்தியும் தலைப்புக்கு உறவுக்காரன்தான். "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் வந்தால் வாசகருக்குத் தெரிவது தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்பது மட்டும். "தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணம்: 05-03-2024" என்றால் அடுத்து என்ன செய்வது என்று தெரிகிறது. சுருக்கம் என்ற பெயரில் இந்த இடத்தில் சொல்லை மிச்சம் பிடிக்கக் கூடாது. அவசரத்தில் இருப்பவருக்கு உதவும் ஒரு நீளமான வரி, புரியாத குட்டி வரியைவிட எவ்வளவோ மேல்.

எழுதி முடித்ததைச் சோதிக்கப் பெரிய தளங்கள் ஏ/பி டெஸ்ட் வைத்திருக்கின்றன. இரண்டு தலைப்பை வாசகர்களுக்குப் பிரித்துக் காட்டி, எது வென்றது என்று பார்ப்பது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வராத தளத்தில் அந்த எண்களை நம்ப முடியாது, தற்செயலும் வெற்றி மாதிரி தெரியும். நான் செய்வது எளிது. தலைப்பை மட்டும் ஒருவருக்கு அனுப்பி, "இதைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்?" என்று கேட்பேன். அவர் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால் விட்டுவிடுவேன். இல்லையென்றால் அவர் பதிலில் வந்த சொற்களை எடுத்துக்கொண்டு மறுபடி எழுதுவேன். தேடும்போதும் ஆட்கள் அந்தச் சொற்களைத்தான் தட்டுவார்கள்.

அப்புறம், தலைப்புகளைத் தனித்தனியாகப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு தடவை ஒரு உதவிப் பக்கத்தின் பத்துத் தலைப்புகளை ஒரே பட்டியலாகப் பார்த்தேன். ஏழு தலைப்பு "புதிய" என்று தொடங்கின. புதிய கட்டண முறை, புதிய பாஸ்வேர்டு விதிகள், புதிய முகவரிக்கு மாறும் பயனர்களுக்கான வழிமுறைகள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பரவாயில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோது, பார்வை அதிகம் விழும் இடது ஓரம் முழுக்க ஒரே சொல். "புதிய" என்பதை எடுத்துவிட்டு எழுதினோம்: "கட்டண முறையில் மாற்றம்", "பாஸ்வேர்டுக்கு இனி 12 எழுத்து", "முகவரி மாறினால் செய்ய வேண்டியது". இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தாலே இப்போது கட்டணம், பாஸ்வேர்டு, முகவரி என்று தனித்தனியாகத் தெரிகிறது.